எல்40.9 போட்டு அனுப்பும் முன்: சொரியாசிஸ் சார்ட்டைப் படிக்கும் விதம்

கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கமிருந்து காலை பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு மெடிக்கல் கோடிங் வேலைக்கு (சார்ட்டில் உள்ள நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான கோடுகளாக மாற்றும் வேலை) வரும் பிள்ளைகளுக்குத் தோல் நோய் சார்ட் என்றால் கொஞ்சம் அலட்சியம். இரண்டு பக்க நோட், ஒரு டயக்னோசிஸ், ஒரு விசிட் கோடு, அவ்வளவுதானே என்ற நினைப்பு. ‘சொரியாசிஸ்’ என்று கண்ணில் பட்டதும் கை தானாக எல்40.9, அதாவது வகை சொல்லாத சொரியாசிஸுக்கான கோடு, அடித்துவிடுகிறது. ஆனால் ஆடிட்டில் மாட்டுவது அந்த ஒரு கோடு மட்டுமல்ல. மூட்டு, மருந்து, பரப்பளவு, ‘ஸ்டேபிள்’ என்ற ஒற்றைச் சொல் என்று அதைச் சுற்றியிருக்கும் விஷயங்களில்தான் தப்பு அதிகம். கோடர்களுக்கு மட்டுமல்லாமல், கிளினிக்கில் கேஸ் ஷீட் எழுதும் ட்யூட்டி டாக்டர், நர்ஸ், இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் ஆகியோருக்கும் சேர்த்தே இது.

முதலில் வகை. அமெரிக்கச் சார்ட்டுக்கான நோய்க் கோடு புத்தகமான ஐசிடி-10-சிஎம்மில் எல்40.0 என்பது பிளேக் (தடித்த செதில் படை) சொரியாசிஸ். வல்காரிஸ், நம்முலர் என்று எழுதியிருந்தாலும் இதேதான். 40.1 உடல் பரவலாகச் சீழ்க்கொப்புளம் வரும் வகை. 40.2 அக்ரோடெர்மடைட்டிஸ் கன்டின்யுவா (விரல் நுனிகளில் சீழ்க்கொப்புளம்), 40.3 உள்ளங்கை உள்ளங்காலில் வரும் பஸ்டுலோசிஸ் (சீழ்க்கொப்புளம்), 40.4 கட்டேட் (துளித்துளியாக வருவது), 40.5 மூட்டோடு சேர்ந்தது, 40.8 மற்றவை, 40.9 வகை சொல்லாதது. இதுவரை மனப்பாடம் போதும்.

சிக்கல் இண்டெக்ஸில், அதாவது நோய்ப் பெயரை வைத்துக் கோடு தேடும் அகரவரிசைப் பட்டியலில், இருக்கிறது. ‘பஸ்டுலர்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘ஜெனரலைஸ்டு’ என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். அடைப்புக்குறிக்குள் உள்ள சொல்லை டாக்டர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் கோடு ஒன்றுதான் என்பது விதி. ஆகவே டாக்டர் வெறுமனே ‘பஸ்டுலர் சொரியாசிஸ்’ என்று மட்டும் எழுதினால் இண்டெக்ஸ் நேராக 40.1-க்குக் கொண்டுபோய் விடும். 40.1 என்பது காய்ச்சல், வெள்ளணு எகிறல், அட்மிஷன் என்று போகக்கூடிய நிலை. உள்ளங்காலில் நாலு கொப்புளத்தோடு நடந்து வந்து மருந்து வாங்கிப் போனவரின் ரெக்கார்டில் அது ஏறினால் பிறகு இறக்குவது பெரும்பாடு. எக்ஸாம் பகுதியில் உள்ளங்கை, உள்ளங்கால் மட்டும் வர்ணிக்கப்பட்டிருந்தால் நீங்களாக 40.3-க்கு மாற்றவும் கூடாது. டாக்டரிடம் குவெரி (விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி) அனுப்ப வேண்டும்.

இதற்கு எதிர்த் தப்பும் உண்டு. ‘பாமோபிளான்டர் சொரியாசிஸ்’ என்று பார்த்ததும் 40.3 போடுவது. அது சீழ்க்கொப்புளம் உள்ள வகைக்கு மட்டும். உள்ளங்கை தடித்து, வெடித்து, செதிலாக உரிகிற கேஸில் கொப்புளமே இருக்காது. டாக்டர் ‘பிளேக்’ என்று சொல்லியிருந்தால் அது 40.0. மடிப்புகளில் வரும் இன்வர்ஸ் அல்லது ஃப்ளெக்சுரல் வகை 40.8. உடம்பு முழுக்கச் சிவந்து உரியும் எரித்ரோடெர்மிக் வகையும் 40.8-தான். உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நிலைக்குத் தனிக் கோடு இல்லை என்பது இந்தப் புத்தகத்தின் குறை. தீவிரத்தைக் காட்ட நமக்கு இருக்கும் ஒரே வழி, கூடவே வந்த நீரிழப்பு, செப்சிஸ் போன்றவை எழுதப்பட்டிருந்தால் அவற்றையும் விடாமல் கோடு செய்வதுதான்.

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘சொரியாசிஃபார்ம் டெர்மடைட்டிஸ்’ என்று வந்தால் அது சொரியாசிஸ் அல்ல. மைக்ராஸ்கோப்பில் அந்தச் சாயலில் தெரிகிறது என்பதுதான் அர்த்தம். நாள்பட்ட கரப்பான்கூட அப்படித் தெரியும். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தன் கையால் சொரியாசிஸ் என்று முடிவு எழுதும்வரை எல்40 பக்கம் போகாதீர்கள்.

மூட்டு

பிளேக் சொரியாசிஸ் உள்ளவர் விரல் வலிக்கிறது, காலையில் கை மடக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்று சொன்னால் நோட்டில் ‘ரூல் அவுட் பிஎஸ்ஏ’ (சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ், அதாவது சொரியாசிஸ் மூட்டு நோய், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்) என்று விழும். அவுட்பேஷன்ட்டில் ரூல் அவுட், ப்ராபபிள், சஸ்பெக்டட் எதையும் நோயாகக் கோடு செய்யக் கூடாது. அங்கே போட வேண்டியது எல்40.0-வும் மூட்டு வலியும். வலது கை மூட்டுகளுக்கு எம்25.541, இடது கைக்கு எம்25.542. ‘ஜாயின்ட் பெயின்’ என்று மட்டும் இருந்தால் எம்25.50-இல் போய் நிற்கும். அதே வாசகம் இன்பேஷன்ட் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ப்ராபபிள் சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்’ என்று கடைசிவரை நின்றிருந்தால் இருக்கிறது என்றே கோடு செய்வோம். அவுட்பேஷன்ட் சார்ட்டிலிருந்து இன்பேஷன்ட்டுக்கு மாற்றப்பட்டவர்கள் முதல் மாதத்தில் தடுமாறும் இடம் இதுதான்.

உறுதியான பிறகு ஐந்தாவது இலக்கம் வேண்டும். விரல் நுனி மூட்டு என்றால் 40.51, மூட்டு சிதைந்துபோகும் முட்டிலன்ஸ் 40.52, முதுகெலும்பு 40.53, சிறார் 40.54, மற்றவை 40.59. தோலிலும் பிளேக் இருந்தால் 40.0-ஐயும் சேர்த்துப் போடலாம். ஒன்றையொன்று விலக்குவதில்லை. ‘மூட்டுக் கோடு வந்தாச்சே, தோல் எதற்கு’ என்று விட்டுவிட்டால், தோலுக்காக எழுதிய மேற்பூச்சு மருந்துக்கும் ஒளி சிகிச்சைக்கும் ஆதாரம் இல்லாமல் போகும்.

குவெரி அனுப்பும்போது விடையைக் கேள்வியிலேயே ஊட்டக் கூடாது. ‘இது எல்40.51 தானே?’ என்று கேட்டால் அது குவெரியே அல்ல. இப்படிக் கேட்கலாம்: “எக்ஸாமில் வலது கை இரண்டாம், மூன்றாம் விரல் நுனி மூட்டு வீக்கமும் நகத்தில் குழிகளும் குறிப்பிடப்பட்டுள்ளன. அசெஸ்மென்ட்டில் சொரியாசிஸ் மட்டும் உள்ளது. மூட்டு அறிகுறிக்கான டயக்னோசிஸ் உங்கள் மருத்துவக் கருத்துப்படி எது? சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் (எந்த மூட்டு வகை), ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், வேறு, தீர்மானிக்க இயலவில்லை.” சார்ட்டில் உள்ளதை மட்டும் எடுத்து வைத்து, முடிவை அவரிடமே விட வேண்டும்.

மருந்து

ஆடிட்டில் கோடு விட்டுப்போச்சு என்று எழுதுவது அதிகம் இங்கேதான். நீண்டகாலம் மருந்து எடுப்பதைக் காட்டும் இசட்79-இல் 2022 அக்டோபர் 1 முதல் இசட்79.6 என்ற புதிய வரிசை வந்துவிட்டது. பழைய பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் இசட்79.899 (மற்ற மருந்துகள்) போடுவது இனி எடுபடாது. அடாலிமுமாப், உஸ்டெகினுமாப், செகுகினுமாப் போன்ற பயாலஜிக்குகளுக்கு (உயிரணுக்களிலிருந்து தயாரிக்கும் ஊசி மருந்துகள்) இசட்79.620. சைக்ளோஸ்போரினுக்கு 79.621. டோஃபாசிடினிப் வகைக்கு 79.622. மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு 79.631. தொடர்ந்து ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு 79.52. தனி வகுப்பு இல்லாத அசிட்ரெடினுக்கு 79.899-தான். ஒரு வாரம் கொடுத்து நிறுத்திய மருந்துக்கு இவை எதுவும் பொருந்தாது.

பயாலஜிக் எடுக்கிறார் என்பதாலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று டி84.821 சேர்ப்பது ஆபத்து. ‘மருந்தால் இம்யூனோசப்ரெஸ்டு’ என்று டாக்டர் எழுத வேண்டும். எழுதியிருந்தால் இசட்79.62 வரிசைக் கோடும் கூட வரும்.

பயாலஜிக் தொடங்குமுன் டிபி பார்ப்பது வழக்கம். அறிகுறி ஏதும் இல்லாமல் மறைந்திருக்கும் டிபிக்காகச் சோதித்தால் இசட்11.7. ஹெபடைட்டிஸ் பி சோதனைக்கு இசட்11.59. இக்ரா என்ற டிபி ரத்தச் சோதனை பாசிட்டிவ் வந்து டாக்டர் எதுவும் முடிவு சொல்லவில்லை என்றால் ஆர்76.12 வரை மட்டுமே போகலாம். ‘லேட்டன்ட் டிபி’ என்று அவர் எழுதிய பின்பே இசட்22.7. லேப் ஷீட்டைப் பார்த்து நாமே நோய் முடிவு செய்வது கோடர் வேலை அல்ல.

மெத்தோட்ரெக்ஸேட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் போட வேண்டிய மாத்திரை. ‘ஓடி’ என்று சுருக்கி எழுதிய சீட்டை மருந்துக்கடையில் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு கொடுத்தால் ரத்த அணுக்கள் சரிந்து நோயாளி ஐசியூவுக்குப் போகக்கூடும். அதனால் சீட்டில் கிழமையையே எழுதுவது நல்லது: ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும், மற்ற நாளில் கூடாது’. ஃபோலிக் அமிலம் எந்தக் கிழமை என்பதையும் தனி வரியில். எத்தனை மில்லிகிராம் மாத்திரை, எத்தனை மாத்திரை என்று இரண்டையும் எழுத வேண்டும். 2.5, 5, 7.5, 10 என்று பல அளவில் வருவதால் ‘3 மாத்திரை’ என்பது எதையும் சொல்லாது.

கோடிங்கில் இதே மருந்துக்கு மூன்று கதவுகள். சீட்டில் சொன்னபடி சரியாகச் சாப்பிட்டும் ரத்த அணுக்கள் மூன்றும் குறைந்தால் அது பக்கவிளைவு. முதலில் டி61.811, அடுத்து டி45.1எக்ஸ்5ஏ. (பின்னதில் இருக்கும் ‘டி’ நச்சு அத்தியாயத்தின் எழுத்து (T). ரத்த அத்தியாயத்தின் ‘டி’ (D) அல்ல. சிஸ்டத்தில் அடிக்கும்போது கவனம்.) தினமும் சாப்பிட்டுவிட்டதால் வந்தால் அது பாய்சனிங். டி45.1எக்ஸ்1ஏ முதலில், அணுக்குறைவு பின்னால். காசில்லாமல் பாதி நாள் விட்டுவிட்டதால் நோய் திரும்பினால் அண்டர்டோசிங். எல்40 முதலில், பின்னால் டி45.1எக்ஸ்6ஏ, காரணத்துக்கு இசட்91.120. அண்டர்டோசிங் கோடு ஒருபோதும் முதல் வரியில் நிற்காது. ‘மெத்தோட்ரெக்ஸேட் டாக்சிசிட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த மூன்றில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. எப்படிச் சாப்பிட்டார் என்ற ஒரு வரி ஹிஸ்டரியில் இருக்க வேண்டும்.

கிளினிக்கில் ஊசி போட்டால் மருந்து பெயர், டோஸ், போட்ட இடம், லாட் நம்பர், காலாவதித் தேதி, வீணான அளவு எல்லாம் வேண்டும். உஸ்டெகினுமாப்புக்குப் பில் போடும் மருந்துக் கோடான ஜே3357-க்கு ஒரு யூனிட் 1 மில்லிகிராம். 40 கிலோ எடையுள்ள சிறுவனுக்குக் கிலோவுக்கு 0.75 கணக்கில் 30 மில்லிகிராம் போட்டு, 45 மில்லிகிராம் வயலில் மீதி 15-ஐக் கொட்டிவிட்டால் 30 யூனிட் ஒரு வரி, ஜேடபிள்யூ மாடிஃபையரோடு (வீணானதைக் காட்டும் துணைக் குறி) 15 யூனிட் இன்னொரு வரி. வீணாகாமல் முழு வயலையும் நோயாளிக்கே போட்டுவிட்டால் ஜேஇசட். இது 2023 ஜூலை 1 முதல் கட்டாயம். வீணானது எழுதப்படவில்லை என்றால் அந்த 15 யூனிட்டுக்குப் பணம் கேட்கவே முடியாது. பயோசிமிலர் (அதே பயாலஜிக்கின் இன்னொரு கம்பெனித் தயாரிப்பு) என்றால் கோடே வேறு, பிராண்டைப் பாருங்கள். ஊசி போட்டதற்கு 96372-ஆ (சாதாரண ஊசி) 96401-ஆ (கீமோ வகை ஊசி) என்பது பேயருக்குப் பேயர் (பணம் தரும் இன்சூரன்ஸ்) மாறும்.

‘ஸ்டேபிள்’

டாக்டரைப் பார்த்ததற்கான கட்டணத்தை முடிவு செய்யும் விசிட் கோடு விஷயத்தில் டாக்டர் மொழிக்கும் கோடிங் மொழிக்கும் சண்டை வருவது இந்தச் சொல்லில். ஆறு மாதமாகப் பழையபடியே இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்பதை டாக்டர்கள் ஸ்டேபிள் என்பார்கள். விசிட் லெவல் கணக்கில் ஸ்டேபிள் என்றால் அந்த நோயாளிக்கு வைத்த சிகிச்சை இலக்கை எட்டிவிட்டார் என்று பொருள். உடம்பில் 8 சதவீதம் பிளேக் அப்படியே நிற்கிறது, இலக்கு எட்டவில்லை என்றால், மாற்றமே இல்லாவிட்டாலும் அது ஸ்டேபிள் இல்லை.

இதனால் என்ன மாறும்? ஸ்டேபிளான ஒரு நாள்பட்ட நோய் என்றால் பிரச்சினைப் பகுதி ‘லோ’. மருந்துச் சீட்டு எழுதியதால் ரிஸ்க் ‘மாடரேட்’. பிரச்சினை, டேட்டா (பார்த்த ரிப்போர்ட், டெஸ்ட்), ரிஸ்க் என்ற மூன்றில் இரண்டு தேறவேண்டும் என்பதால், டேட்டா பகுதியும் சாதாரணமாக இருந்தால் 99213. அதே நோயாளிக்கு ‘இலக்கு எட்டவில்லை, பரப்பளவு 8 சதவீதம், இலக்கு 1 சதவீதம், மருந்து மாற்றப்படுகிறது’ என்று எழுதியிருந்தால் பிரச்சினையும் மாடரேட், ஒரு படி மேலான 99214. செய்த வேலை ஒன்றே. மெத்தோட்ரெக்ஸேட் நச்சுத்தன்மைக்காக மூன்று மாதத்துக்குள் ஒரு முறையாவது ரத்தம் பார்க்கிறார்கள் என்றால் ரிஸ்க் ‘ஹை’ என்று வாதிடலாம். அதற்கு எந்த டெஸ்ட், எதற்காக என்று எழுதியிருக்க வேண்டும். அது மட்டும் வைத்து 99215 போய்விட முடியாது, இன்னொரு தூணும் ஹை ஆக வேண்டும்.

பரப்பளவும் நிறமும்

நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். டாக்டர் கை அல்ல. குழந்தைக்குக் குழந்தையின் கை. ‘மல்ட்டிபிள் பிளேக்ஸ்’ என்று எழுதுவது எந்த ப்ரீ-ஆத்துக்கும் (இன்சூரன்ஸின் முன் அனுமதி) உதவாது.

சொரியாசிஸின் தீவிரத்தையும் பரப்பையும் அளக்கும் பேசி (PASI) ஸ்கோரில் தலைக்கு 0.1, கைகளுக்கு 0.2, உடம்புக்கு 0.3, கால்களுக்கு 0.4 எடை. சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் 0 முதல் 4, பரப்புக்கு 0 முதல் 6. மொத்தம் 72 வரை போகும். நம் ஊர்த் தோலில் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கறுத்த தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்த கறுப்பாக, சாம்பல் பூத்த பழுப்பாகத் தெரியும். பார்த்துவிட்டு ‘சிவப்பு 0’ என்று போடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: கால்களில் 30 முதல் 49 சதவீதம் பரப்பு, ஸ்கோர் 3. சிவப்பு 2, தடிப்பு 3, செதில் 2, கூட்டினால் 7. 0.4 × 7 × 3 = 8.4. சிவப்பை 0 என்று போட்டால் 6.0. மற்ற இடங்களில் 2.8 இருந்தால் ஒருவர் 11.2, இன்னொருவர் 8.8. பத்துக்கு மேல் இருந்தால்தான் பயாலஜிக் என்று வரையறை வைத்திருக்கும் இடத்தில் இரண்டாமவருக்கு மருந்து கிடையாது. பக்கத்திலுள்ள நல்ல தோலோடு ஒப்பிட்டு நிறத்தை வார்த்தையில் எழுதுங்கள்.

மாறாக, ஆறிப்போன பிளேக் விட்டுச்சென்ற கறுப்புத் தழும்பைப் பரப்பளவில் சேர்ப்பதும் நடக்கிறது. தடவிப் பார்த்தால் தடிப்பும் செதிலும் இருக்காது. அது எல்81.0 (அழற்சி ஆறியபின் வரும் கருமை), நடப்பு நோய் அல்ல. சேர்த்து எண்ணினால் மருந்து வேலை செய்யவில்லை என்ற பொய்யான முடிவு ரெக்கார்டில் ஏறும்.

ஒளி சிகிச்சையில் 96900-க்கும் 96910-க்கும் நடுவே இருப்பது மேலே தடவிய பொருள். தார் அல்லது பெட்ரோலேட்டம் தடவி யுவிபி (புற ஊதா பி) கொடுத்தால் 96910. சிகிச்சைப் பதிவேட்டில் ‘என்பியுவிபி (குறுகிய அலைவரிசை யுவிபி) 650 மில்லிஜூல்’ என்று மட்டும் இருந்தால் 96900-தான் நிற்கும். அமர்வு எண், டோஸ், நேரம், கண்ணாடி போட்டது, போன முறை சிவந்ததா என்பதெல்லாம் ஒவ்வொரு வரியிலும் வேண்டும். எக்சைமர் லேசரில் கோடு சதுர சென்டிமீட்டரைப் பொறுத்தது: 250-க்குக் கீழ் 96920, 250 முதல் 500 வரை 96921, அதற்கு மேல் 96922. 12×8, 10×9, 9×8 என்று மூன்று பிளேக் அளந்து எழுதியிருந்தால் 96, 90, 72 கூட்டி 258, ஆகவே 96921. ‘இரண்டு உள்ளங்கை அளவு’ என்று இருந்தால் அதை நாமே சதுர சென்டிமீட்டராக மாற்றக் கூடாது. டாக்டர் அளந்து தர வேண்டும்.

இங்கே உள்ள ஆஸ்பத்திரியில் என்றால்

அமெரிக்கச் சார்ட் பார்த்துப் பழகியவர் புதுச்சேரியிலோ மஞ்சக்குப்பத்திலோ ஓர் ஆஸ்பத்திரி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் சேர்ந்தால், கையில் கிடைக்கும் ஐசிடி-10 உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பதிப்பாக இருக்கும். அதில் 40.51, 40.53 எல்லாம் கிடையாது. எல்40.5 டாகர் (†) குறியோடு நிற்கும். மூட்டின் வகைக்கு ஆஸ்டெரிஸ்க் (*) கோடு தனி: எம்07.0 விரல் நுனி, எம்07.1 முட்டிலன்ஸ், எம்07.2 முதுகெலும்பு, எம்07.3 மற்றவை. இரண்டையும் ஜோடியாகப் போட வேண்டும். இசட்79.620 என்று தேடினால் அங்கே அகப்படாது. மென்பொருளில் எந்தப் பதிப்பு ஏற்றப்பட்டிருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஹிஸ்டரியில் ‘நாட்டு மருந்து எடுத்தார்’ என்று ஒரே வரியில் முடிப்பதும் நம் பக்கத்து வழக்கம். என்ன பொடி, என்ன எண்ணெய், எத்தனை மாதம், கூடவே கடையில் வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரை உண்டா, எப்போது நிறுத்தினார் என்று கேட்டு எழுத வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் பிளேக் இருந்தவருக்குச் சீழ்க்கொப்புள வகை கிளம்பலாம். அந்தத் தேதி இல்லாவிட்டால் ஏன் மாறியது என்று அடுத்து பார்ப்பவருக்குத் தெரியாது.

இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கு ஒன்று. ‘நோன் கேஸ் ஆஃப் சொரியாசிஸ் 10 வருடம்’ என்று குத்துமதிப்பாக எழுதாதீர்கள். பாலிசி எடுக்குமுன் இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அதன் உச்சவரம்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. எந்த ஆண்டு முதல் அறிகுறி, எந்த ஆண்டு டாக்டர் உறுதி செய்தார் என்பதைத் தனித்தனியாக, பழைய ஓபி சீட்டைப் பார்த்து எழுதுங்கள். நோயாளியின் தலைப்பொடுகு பத்து வருடமாக இருந்திருக்கலாம், சொரியாசிஸ் என்று உறுதியானது இரண்டு வருடத்துக்கு முன்பாக இருக்கலாம். முன் அனுமதிக்கு அனுப்பும்போது ‘களிம்பு போட்டும் கேட்கவில்லை’ என்றால் திரும்பி வரும். களிம்பின் பெயர், வீரியம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஏன் நிறுத்தினார், அப்போது பரப்பளவு எவ்வளவு என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி வையுங்கள். அதனோடு டிபி, ஹெபடைட்டிஸ் ரிப்போர்ட்டுகளின் தேதியும் இருந்தால் இரண்டாவது சுற்றுக் கேள்வி பெரும்பாலும் வராது.